வணிகச் சட்ட நிறுவனம் (இந்தியா)

வணிகச் சட்ட நிறுவனம் என்பது தொழில் நிறுவனங்கள், வங்கிகள், வணிகர்கள் ஆகியோருக்குச் சட்ட ஆலோசனை வழங்குதல், ஒப்பந்தங்களை எழுதித் தருதல், நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் வழக்கு நடத்துதல் ஆகியவற்றை முதன்மைப் பணியாகக் கொண்ட வழக்கறிஞர்களின் கூட்டு நிறுவனம் ஆகும். தனி வழக்கறிஞரின் அலுவலகத்தைப் போலன்றி, இங்கு நிறுவனச் சட்டம், வரி, தொழிலாளர் சட்டம், காப்புரிமை, நிலம் எனப் பல பிரிவுகளில் தேர்ந்தவர்கள் ஒரே பெயரின் கீழ் பணிபுரிகின்றனர். இவர்களுடைய வேலையில் பெரும்பகுதி நீதிமன்றத்தை எட்டுவதே இல்லை. வழக்கு எழாதவாறு ஆவணங்களைச் செம்மைப்படுத்துவதற்கே வாடிக்கையாளர்கள் பெரிதும் இவர்களை நாடுகின்றனர்.

ஒரே சட்டம் ஒவ்வொரு தொழிலிலும் வெவ்வேறு இடத்தில் சிக்கலைத் தருவதால், இந்நிறுவனங்கள் சட்டப் பிரிவு வாரியாக மட்டுமன்றித் தொழில்துறை வாரியாகவும் தம்மை அமைத்துக்கொள்கின்றன. ஒரு துறையில் பெற்ற பட்டறிவே அத்துறையின் அடுத்த வாடிக்கையாளரை ஈர்க்கின்றது. அந்த அடுத்த வாடிக்கையாளர் பெரும்பாலும் முதலாமவரின் போட்டியாளராக இருப்பார் என்பதே இத்தொழிலின் அடிப்படைச் சிக்கல் எனலாம்.

வரலாறு

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மாகாணத் தலைநகரங்களின் உயர் நீதிமன்றங்களில் அட்டர்னிகள் எனப்பட்டோர் வாடிக்கையாளரைச் சந்தித்து ஆவணங்களைத் தயாரித்தனர். பாரிஸ்டர்கள் நீதிமன்றத்தில் வாதிட்டனர். அட்டர்னிகளின் கூட்டு அலுவலகங்களே இன்றைய சட்ட நிறுவனங்களுக்கு முன்னோடிகள். பம்பாயின் கிராஃபோர்டு பேலி 1830 இல் தொடங்கப்பட்டது. கல்கத்தாவின் கைத்தான் நிறுவனம் 1911 இலும், அமர்சந்த் மங்கள்தாஸ் 1917 இலும் தோன்றின. கைத்தான் நிறுவனத்தைத் தொடங்கிய தேவி பிரசாத் கைத்தான், இந்திய அரசியலமைப்பு வரைவுக் குழுவின் உறுப்பினராகவும் இருந்தவர். 1948 இல் அவர் மறைந்தபின் அவ்விடத்துக்கு டி. டி. கிருஷ்ணமாச்சாரி அமர்த்தப்பட்டார்.

1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் நாடு முழுவதும் ஒரே வகை வழக்கறிஞர்களை ஏற்படுத்தியது. கல்கத்தாவில் எஞ்சியிருந்த இரட்டை முறையை 1976 ஆம் ஆண்டுத் திருத்தம் முடிவுக்குக் கொணர்ந்தது. மும்பையில் மட்டும் சொலிசிட்டர் தேர்வு ஒரு தொழில்சார் தகுதியாக நீடித்தது.

1991 வரை வணிக வழக்கறிஞர்களின் வேலை பெரும்பாலும் சொத்துப் பத்திரம், நிறுவனப் பதிவு, வரி, தொழிற்சாலைத் தகராறு, அரசு உரிமங்கள் ஆகியவற்றைச் சுற்றியே இருந்தது. அவ்வாண்டுப் பொருளாதாரச் சீர்திருத்தத்தின் பின்னர் வெளிநாட்டு முதலீடும் பங்கு வெளியீடும் நிறுவனங்களை வாங்கி விற்றலும் பெருகின. எனினும் 1956 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் ஒரு கூட்டாண்மையில் 20 பங்காளர்களுக்கு மேல் இருக்கவியலாது என வரம்பிட்டிருந்தது. பல நிறுவனங்கள் நெடுங்காலம் குடும்பத் தொழிலாகவே நீடித்தமைக்கு இதுவும் ஒரு காரணம். 2008 இல் இயற்றப்பட்ட வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் இத்தடையை நீக்கியது. 2013 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும் வழக்கறிஞர் போன்ற தொழில்முறையாளருக்கு எண்ணிக்கை வரம்பிலிருந்து விலக்கு அளித்தது. 2015 இல் அமர்சந்த் நிறுவனம் உடன்பிறந்தோர் இருவரின் பெயரில் இரு நிறுவனங்களாகப் பிரிந்தமை இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது.

துறைவாரிப் பணிகள்

ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்க முற்படும்போது, வாங்குபவரின் வழக்கறிஞர்கள் முதலில் சட்டச் சரிபார்ப்பு ஒன்றை மேற்கொள்கின்றனர். விற்பவரின் ஒப்பந்தங்கள், கடன்கள், வழக்குகள், உரிமங்கள், நிலப் பத்திரங்கள் ஆகியவை படிக்கப்பட்டு, மறைந்துள்ள பொறுப்புகள் அறிக்கையாகத் தரப்படுகின்றன. விலைக் குறைப்பு, விற்பவர் தரவேண்டிய உறுதிமொழிகள், இழப்பீட்டு விதிகள் ஆகியன அவ்வறிக்கையைக் கொண்டே பேசப்படும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாயின் செபியின் 2011 ஆம் ஆண்டு விதிகளும் சேர்ந்துகொள்ளும். 25 விழுக்காடு வாக்குரிமையை எட்டுபவர் ஏனைய பங்குதாரரிடமிருந்து குறைந்தது 26 விழுக்காட்டை வாங்கப் பொது முன்மொழிவு செய்தல் வேண்டும். எதை முதலில் படிப்பது என்பதைத் துறையே தீர்மானிக்கின்றது.

ஆயத்த ஆடைத் தொழிலில், குறிப்பாகச் சாயப்பட்டறை ஒன்றை வாங்குவதாயின், கழிவுநீர் இசைவாணையே முதல் ஆவணம். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முற்றிலும் மறுசுழற்சி செய்யத் தவறிய திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கணக்கேடுகள் எவ்வளவு தூய்மையாக இருப்பினும் இசைவாணை இல்லாத பட்டறையின் மதிப்பு ஒரே நாளில் சரியக்கூடும் என்பதை அவ்வாணை காட்டியது.

மருந்துத் துறையில் காப்புரிமையே நிறுவனத்தின் மதிப்பில் பெரும்பகுதியாக அமையக்கூடும். இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 இல் மறுத்தது. முன்பே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் கூடுதல் பயன்திறன் காட்டாவிடில் அது கண்டுபிடிப்பாகாது என்னும் 3(ஈ) பிரிவை எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கு 2007 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. காப்புரிமைக் கோரிக்கையையும் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்பிரல் 1 அன்று நிராகரித்தது. இத்துறைக்கு ஆலோசனை கூறுபவர் சட்டத்தோடு வேதியியலையும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். எனவே அறிவியல் பட்டம் பெற்ற வழக்கறிஞர்களை நிறுவனங்கள் இங்கு அமர்த்துகின்றன.

மென்பொருள் துறையில் சிக்கல் மிகச் சிறிய இடத்தில் ஒளிந்திருக்கும். பதிப்புரிமைச் சட்டம் 1957 இன்படி, மாறான உடன்பாடு இல்லாவிடில், ஊழியர் தம் பணியின்போது எழுதிய நிரலின் உரிமை முதலாளியைச் சேரும். ஒப்பந்த அடிப்படையில் வெளியார் ஒருவர் எழுதியதாயின் எழுத்து வடிவிலான உரிமை மாற்றம் தேவை. அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிடில் உரிமை 5 ஆண்டுகளுக்கே மாறியதாகவும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிடில் இந்தியாவுக்கு மட்டுமே மாறியதாகவும் சட்டம் கொள்ளும். உலகெங்கும் விற்கப்படும் ஒரு செயலியின் உரிமை இவ்வாறு ஒரு வரி விடுபட்டமையால் ஐயத்துக்குள்ளாகலாம். 2023 ஆம் ஆண்டின் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 250 கோடி ரூபாய் வரையிலான தண்டத்துடன், இத்துறை வழக்கறிஞர்களுக்குப் புதிய வேலையைத் தந்துள்ளது.

வங்கித் துறையில் கடன் ஆவணங்களும் ஈட்டுரிமையும் முதன்மை பெறுகின்றன. நிறுவனமொன்று தன் சொத்தின்மீது ஏற்படுத்தும் பொறுப்பை, வழக்கமாக 30 நாட்களுக்குள், நிறுவனப் பதிவாளரிடம் பதிதல் வேண்டும். பதியாத ஈட்டுரிமையை நிறுவனம் கலைக்கப்படும்போது கலைப்பாளர் கணக்கில் கொள்ளமாட்டார். 2016 ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் வந்தபின் வங்கிக்கும் கடனாளிக்கும் மட்டுமன்றி, நொடித்த நிறுவனத்தை வாங்க முன்வருவோருக்கும் வழக்கறிஞர் தேவைப்படுகின்றனர். இச்சட்டத்தின் தீர்வு நடவடிக்கைக்கு வழக்காடும் காலத்தையும் சேர்த்து 330 நாட்கள் என 2019 இல் வரம்பிடப்பட்டது. நடைமுறையில் பல வழக்குகள் அதனைக் கடந்துவிடுகின்றன.

வீடு, மனைத் தொழிலில் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா ஆகியவற்றைப் படிக்கும் பழைய வேலையே இன்றும் அடித்தளம். 2016 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு வாங்குவோரிடம் பெற்ற தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்தல் கட்டுமான நிறுவனத்தின் கடமையாகும். தொழிலாளர் துறையில் 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தமையால், எல்லாத் துறை வாடிக்கையாளர்களின் பணி ஒப்பந்தங்களையும் மீளப் பார்க்கவேண்டியதாயிற்று.

நலன் முரண்

இந்திய வழக்கறிஞர் மன்ற விதி 33, ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை கூறியவர் அதில் எதிர்த்தரப்புக்காகத் தோன்றுவதைத் தடுக்கின்றது. ஒருவர் மட்டும் பணிபுரியும் அலுவலகத்தில் இதனைக் கடைப்பிடிப்பது எளிது. பல நகரங்களில் நூற்றுக்கணக்கான வழக்கறிஞர்கள் பணிபுரியும் நிறுவனத்தில், டெல்லிக் கிளை வங்கிக்கும் மும்பைக் கிளை அவ்வங்கியின் கடனாளிக்கும் ஆலோசனை கூறும் நிலை அறியாமலே ஏற்படலாம். ஆகவே ஒவ்வொரு புதிய பணியையும் ஏற்குமுன் வாடிக்கையாளர், எதிர்த்தரப்பு, அவற்றின் துணை நிறுவனங்கள் ஆகியவற்றின் பெயர்கள் பழைய பதிவேடுகளுடன் ஒப்பிடப்படுகின்றன.

இதன் கடுமையை உணர்த்த இங்கிலாந்தின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் வழக்கு எடுத்துக்காட்டப்படுவதுண்டு. 2004 இல் அந்தச் சில்லறை வணிக நிறுவனத்தைக் கையகப்படுத்த முயன்ற பிலிப் கிரீன் தரப்புக்கு இலண்டனின் ஃபிரெஷ்ஃபீல்ட்ஸ் நிறுவனம் வழக்கறிஞராக அமைந்தது. ஆனால் அதே நிறுவனம் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கு அதன் மகளிர் ஆடை வரிசை ஒன்றுக்கான ஒப்பந்தத்தில் முன்பு ஆலோசனை கூறியிருந்தது. இரு குழுக்களுக்கிடையே தகவல் பரவாதவாறு உள்தடுப்பு அமைக்கப்படும் என்ற வாதத்தை நீதிமன்றம் போதியதாகக் கொள்ளவில்லை. அந்த ஒப்பந்தம் கையகப்படுத்தலில் முக்கியமாகக் கருதப்பட்டதால் நிறுவனம் பணியைக் கைவிட நேர்ந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. சில்லறை வணிகத் துறையில் பெற்றிருந்த அனுபவமே அந்நிறுவனத்தை அப்பணிக்குத் தகுதியற்றதாக்கியது.

துறை அறிவு வேறு, வாடிக்கையாளரின் இரகசியம் வேறு என்பது கொள்கையளவில் தெளிவானது. ஒரு துறையில் வழக்கமாக எத்தகைய விதிகள் ஒப்பந்தங்களில் ஏற்கப்படுகின்றன என்பதை எவருக்கும் கூறலாம். குறிப்பிட்ட நிறுவனம் எவ்விலைக்கு இறங்கியது என்பதைக் கூறலாகாது. ஆயினும் இரண்டையும் ஒரே மனிதர் தம் நினைவில் வைத்திருக்கின்றார். இதனால் சில வாடிக்கையாளர்கள் தம் போட்டியாளருக்குப் பணிபுரியும் நிறுவனத்தை முற்றாகத் தவிர்க்கின்றனர். வேறு சிலர் அந்த அனுபவத்துக்காகவே அதனைத் தேடிச் செல்கின்றனர்.

இரகசியக் காப்பு

வாடிக்கையாளர் தம் வழக்கறிஞரிடம் கூறியவற்றை 2023 ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 132, பாதுகாக்கின்றது. இது 2024 சூலை 1 முதல் 1872 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டவற்றுக்கு இப்பாதுகாப்பு இல்லை. நிறுவனத்தில் ஊதியத்துக்குப் பணிபுரியும் உள் சட்ட அதிகாரிக்கு இப்பிரிவின் பாதுகாப்புக் கிடையாது என 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெரிவித்தது. ஆகவே நுட்பமான விவகாரங்களில் வெளி நிறுவனத்தின் ஆலோசனைக்குத் தனி மதிப்பு உண்டு.

கட்டணமும் சிறு தொழில்களும்

கட்டணம் மணிக்கணக்கிலோ, பணிக்கு இவ்வளவு என்றோ, மாதந்தோறும் குறித்த தொகையாகவோ பெறப்படுகின்றது. வெற்றி பெற்றால் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதை வழக்கறிஞர் மன்ற விதி 20 தடைசெய்கின்றது. இதனால், கையில் பணமில்லாத சிறு தொழில்முனைவோர் வருங்கால வெற்றியைக் காட்டிப் பெரிய நிறுவனத்தை அமர்த்த இயலாது.

சிறு தொழில்களுக்குப் பெரிதும் தேவைப்படுவது நிலுவை வசூல். 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களில் பணம் தருதல் வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி வீதத்தின் மும்மடங்குக் கூட்டு வட்டி சேரும். 2015 ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் முதலில் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத வழக்குகளுக்கே உரியதாயிருந்து, 2018 இல் 3 இலட்சமாகத் தாழ்த்தப்பட்டது. உடனடித் தடையாணை தேவைப்படாத வழக்குகளில் முதலில் சமரசப் பேச்சுக்குச் செல்வது கட்டாயம் என 2022 இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பெரிய நிறுவனம் இன்றியே ஒரு மாவட்ட வழக்கறிஞர் இவற்றை நடத்தலாம், பெரும்பாலும் அவரே நடத்துகின்றார்.

விளம்பரத் தடை

இந்தியச் சட்ட நிறுவனங்கள் தம் திறனை விளம்பரப்படுத்தல் ஆகாது. வழக்கறிஞர் மன்ற விதி 36 இதனைத் தடுக்கின்றது. 2008 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெயர், முகவரி, தகுதி, பணிபுரியும் சட்டப் பிரிவுகள் முதலியவற்றை மட்டும் இணையத்தளத்தில் வெளியிட இசைவு கிடைத்தது. 2024 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையவழியில் வழக்கறிஞர்களைத் தேடித்தரும் தளங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு பணித்தது. இதனால் எந்நிறுவனம் எத்துறையில் தேர்ந்தது என்பது பெரும்பாலும் வாய்வழியாகவே பரவுகின்றது. ஏற்கெனவே வணிக வட்டங்களில் அறிமுகமுள்ள பழைய நிறுவனங்களுக்கு இது சாதகமாக அமைவது இயல்பே.

வெளிநாட்டு நிறுவனங்கள்

வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் அலுவலகம் திறக்கலாமா என்பது நெடுங்கால வழக்கு. சட்டத் தொழில் என்பது வாதாடுவதை மட்டுமன்றி ஆலோசனையையும் ஆவணம் வரைதலையும் உள்ளடக்கும் என 2009 இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏ. கே. பாலாஜி தொடுத்த வழக்கில் 2012 இல் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டு வழக்கறிஞர் தற்காலிகமாக வந்து தம் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை கூறித் திரும்பலாம் எனக் கூறியது. 2018 இல் உச்ச நீதிமன்றம் இதனைச் சில மாற்றங்களுடன் ஏற்றது. பின்னர் 2023 இல் இந்திய வழக்கறிஞர் மன்றம், பரிமாற்ற அடிப்படையில் அவர்கள் பதிவுசெய்துகொள்ள விதிகளை வெளியிட்டு, 2025 இல் அவற்றைத் திருத்தியது. இவ்விதிகளின்படி வெளிநாட்டுச் சட்டம், பன்னாட்டுச் சட்டம், பன்னாட்டு நடுவர் தீர்ப்பு நடவடிக்கைகள் ஆகியவற்றில் அவர்கள் பணிபுரியலாம். இந்திய நீதிமன்றங்களில் தோன்றுவதற்கும் இந்தியச் சட்டம் பற்றி ஆலோசனை கூறுவதற்கும் இசைவில்லை.