இரவில் தளர்ந்த அலைகள்

1902 பிப்ரவரியில், ‘பிலடெல்பியா’ என்னும் கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடந்த மார்க்கோனி ஒரு புதிரை எதிர்கொண்டார். கார்ன்வால் கரையிலிருந்து அவருடைய நிலையம் அனுப்பிய குறிகள், பகலில் ஏறத்தாழ 700 மைலுக்கு அப்பால் மறைந்தன. இரவிலோ 2,000 மைல் தொலைவிலும் எட்டின. சூரிய ஒளி, அலைகளை அனுப்பும் கம்பியைப் பாதிக்கிறது என்று அவர் கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. அதே ஆண்டில் கென்னலியும் ஹெவிசைடும், மின்கடத்தும் அடுக்கு ஒன்று வானில் உயரே இருக்கலாம் எனத் தனித்தனியே எழுதினர். எனினும், இருபதாண்டுகளுக்கு மேலாக அது ஊகமாகவே இருந்தது.

ஊகத்தை அளவைக்கு உட்படுத்தியவர் எட்வர்ட் ஆப்பிள்டன். இலண்டன் ஒலிபரப்பின் வலிமையைக் கேம்பிரிட்ஜில் அவர் அளந்தபோது, பகலில் அது ஏறக்குறைய மாறாதிருந்தது. இரவில் ஏறியும் இறங்கியும் அலைந்தது. வானொலி நேயர்களுக்கு வெறும் தொல்லையாக இருந்த இத்தளர்ச்சியே அவருக்குச் சான்றாயிற்று. நிலத்தை ஒட்டி வரும் அலையும், வானிலிருந்து திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று வலுப்படுத்துவதும் அழிப்பதுமே இதற்குக் காரணமாகலாம் அல்லவா?

1924 டிசம்பர் 11 அன்று, வழக்கமான நிகழ்ச்சிகள் முடிந்தபின், போர்ன்மவுத் நிலையம் அவருக்காக ஒலிபரப்பியது. அதன் அலைநீளம் மெல்ல மாற்றப்பட்டது. ஆக்ஸ்போர்டில் ஆப்பிள்டனும், நியூசிலாந்திலிருந்து வந்த மாணவர் பார்னெட்டும் வலிமையின் ஏற்ற இறக்கங்களை எண்ணினர். இரு பாதைகளின் நீள வேறுபாடு அவ்வெண்ணிக்கையிலிருந்து கிட்டியது. அதிலிருந்து அடுக்கின் உயரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் எனத் தெரிந்தது. எட்டாத உயரத்தை, ஏணியோ பலூனோ இன்றித் தரையிலிருந்தே அளந்த இம்முறையின் எளிமை இன்றும் வியப்பூட்டுகிறது. 1947இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெயரிட்டதிலும் அவர் முன்யோசனை உடையவர். திரும்பி வரும் அலையின் மின்புலத்தை ‘இ’ என்னும் ஆங்கில எழுத்தால் குறித்துவந்ததால், அடுக்கையும் அவ்வாறே அழைத்தார். அதற்கு மேலே கண்டது ‘எஃப்’ ஆயிற்று. கீழே ஏதேனும் தென்படலாம் என்று முன்னெழுத்துகளை ஒதுக்கிவைத்தார். அவற்றுள் ‘டி’ பின்னர்ப் பயன்பட்டது. பகலில் சூரிய ஒளியால் வலுப்பெறும் அவ்வடுக்கில் காற்று அடர்த்தி மிகுதி. அலையால் அசைவுறும் மின்னணுக்கள் காற்று மூலக்கூறுகளோடு மோதி அதன் ஆற்றலை இழக்கின்றன. கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு மெலிகிறது. மார்க்கோனியின் கப்பலைப் பகலில் எட்டாத குறிகள் இரவில் எட்டியது இதனால்தான்.