ஏலமலைச் சரிவில் நோவின் சரித்திரம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. விடிவதற்கு முன்பே சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அந்த வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி மேலேறி, எல்லைக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் அதே வழியே இறங்கிவரும் ஸ்திரீகள், உடம்பு நோவை ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. ஏலக்காய் உச்சியிலோ கிளையிலோ காய்ப்பதன்று. செடியின் அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாக ஓடும் சரங்களில் காய்ப்பது. ஆகையால் பறிப்பவள் குனிந்தோ குத்தவைத்தோதான் பறித்தாக வேண்டும். காய்களெல்லாம் ஒரே சமயத்தில் முதிர்வதில்லையாதலால், ஆடி ஆவணி தொடங்கித் தை மாசி வரையில், மாதத்துக்கு ஒரு முறையோ ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறையோ, அதே தூரிடம் திரும்பத் திரும்பப் போய் இடுப்பை வளைக்கவும் வேண்டும். "இடுப்பு விட்டுப் போச்சு" என்பது இவ்வூர்களில் வியாதியைச் சொல்லும் வார்த்தையன்று. வேலை முடிந்தது என்பதைச் சொல்லும் வார்த்தை. நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் ஒரு குளிப்பு, முழங்காலுக்குக் கொஞ்சம் தைலம், இவற்றோடு அன்றைய நோவின் கணக்கு தீர்ந்துவிடும்.

ஆனால் அதே இடுப்பு நோவு, இரண்டு வருஷத்துக்கு முன் மார்பில் கட்டிக்கு அறுவை செய்துகொண்டு, கீமோ ஊசிகள் போட்டு, கரண்டும் (கதிர்வீச்சுச் சிகிச்சையை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) வைத்துக்கொண்டு வந்த ஒருத்திக்கு வருமானால், அன்று இரவு அவ்வீட்டில் தூக்கம் இராது. நேற்று வரை உழைப்பின் கூலியாக இருந்த வலி, இன்று ஏதோ ஒன்றின் தூதாகத் தோன்றுகிறது. வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரத்தில் இந்த அச்சத்துக்கு வயது மிகவும் குறைவு. புற்றுநோய் வந்தவர்கள் பிழைத்து, வீடு திரும்பி, மறுபடியும் வேலைக்குப் போகும் காலம் வந்த பிறகுதானே, அவர்கள் முதுகு ஏன் நோகிறது என்ற கேள்வி பிறக்க முடியும்?

தென்கோடித் தமிழகத்தில் இந்நோயை விஞ்ஞான முறையில் ஆராய முற்பட்டவர்களுள் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர்கள் முக்கியமானவர்கள். திருவாங்கூர் ஜனங்களிடையே வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி, அங்கே பணிபுரிந்த ஓர் (Orr) என்ற வைத்தியர் 1933-இல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். ஏலமலையும் அக்காலத்தில் திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததே. குளிருக்கும் களைப்புக்கும் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கமும் அம்மலைக்கு அந்நியமானதன்று. சென்னையில் 1923-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். இந்நோய்க்கென்றே ஒரு வைத்தியசாலை வேண்டும் என்ற எண்ணம் அந்தத் துக்கத்தில் வேரூன்றி, முப்பது வருஷங்களுக்குப் பிறகுதான் பலித்தது. எப்படியும் மடியப்போகிறவர்களுக்குத் தனியாக ஓர் ஆஸ்பத்திரி எதற்கு என்ற எண்ணம் படித்தவர்களிடையேயும் அதிகார வட்டாரங்களிலும் வேரோடியிருந்த காலம் அது. 1952-இல் ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1954 ஜூனில், அடையாற்றில், 12 படுக்கைகளோடு அந்த ஸ்தாபனம் தொடங்கிற்று. முத்துலட்சுமியின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறுவருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதையே தங்கள் ஆயுட்காலப் பணியாக ஏற்றார்கள். 1957-இல் அங்கே வந்த கோபால்ட் கதிர்வீச்சு யந்திரம் ஆசியாவிலேயே அவ்வகையில் முதலாவது என்பார்கள்.

இவையெல்லாம் பட்டணத்துச் சங்கதிகள். மலையடிவாரத்து ஜனங்களுக்கு, சிகிச்சையைப் போலவே வழியும் ஒரு பிரச்னையாக இருந்தது. மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் ரயில் வந்தது. மீட்டர் கேஜ் பாதையில் மெதுவாக ஊர்ந்துபோன அந்த வண்டியும் அகலப்பாதைக்காக 2010-ஆம் வருஷத்தோடு நிறுத்தப்பட்டது. பிறகு பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் போடியில் வண்டிச் சத்தமே இல்லை. 2023 ஜூனில்தான் சென்னை சென்ட்ரலிலிருந்து நேரே போடி வரையில் வாரத்துக்கு மூன்று நாள் ரயில் ஓடத் தொடங்கிற்று. ஏலக்காய் வியாபாரிகள் அதை ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். ஆனால் அவ்வண்டி சேலம் வழியாகக் காட்பாடியிலும் நின்று போகிறது என்பதை என் மனம் வேறு விதமாகக் குறித்துக்கொண்டது. வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கும் நிலையம் அதுவல்லவா? புற்றுநோயாளிகளுக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் முழுச் சலுகை உண்டு. துணைக்குப் போகிறவர்க்கு முக்கால் பங்கு குறையும். இந்தச் சலுகை சிகிச்சைக்குப் போகும் பிரயாணத்துக்கு மட்டுமல்ல, காலாகாலத்தில் செய்துகொள்ளும் மறுபரிசோதனைக்கும் உண்டென்று ரயில்வே விதியே சொல்கிறது. நோய் தீர்ந்த பிறகும் பிரயாணம் தீராது என்பதை ஓர் இலாகா அறிந்து விதி எழுதியிருப்பது மெச்சத்தக்கது. ஊரில் பலர் இதை அறியாமல் முழுக் கட்டணம் கொடுத்துப் போவது வேறு கதை.

மறுபரிசோதனையும் தானாக வந்த வழக்கமன்று. சிகிச்சை முடிந்து போனவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அறியவே ஆஸ்பத்திரிகள் மெனக்கெட வேண்டியிருந்தது. 1980களில் அடையாற்றில் தொடங்கிய சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டுக்காரர்கள், நோயாளிகளின் விலாசத்துக்கு ரிப்ளை கார்டு அனுப்பியும், பதில் வராவிட்டால் வீடு தேடிப் போயும் விவரம் சேர்த்தார்கள். அந்தக் கார்டு கேட்டது அநேகமாக ஒரே கேள்வி: இருக்கிறாரா, இல்லையா? இருக்கிறவர் எப்படி இருக்கிறார், கை தூக்க முடிகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா என்பதைக் கேட்க அதில் இடமும் இல்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல வைத்தியத்துக்கு அப்போது அதிகம் தெரியாது.

அதற்கும் முந்திய காலத்துக்குப் போனால், வலியைத் தந்ததே சிகிச்சைதான். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்னும் சஸ்திர வைத்தியர் 1890களில் பரப்பிய முறையில், மார்போடு அதன் கீழுள்ள தசைகளையும் அக்குள் நெறிகளையும் (நிணநீர்க் கணுக்களையும்) சேர்த்து அகற்றிவிடுவார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கை யானைக்கால் போல வீங்கிற்று. ஹால்ஸ்டெட்டே 1921-இல் அந்த வீக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதும்படி ஆயிற்று. முக்கால் நூற்றாண்டு உலகமெங்கும் இம்முறையே ஆட்சி செலுத்திற்று. 1970களில் தொடங்கிய ஒப்பீட்டுச் சோதனைகள்தாம் அவ்வளவு வெட்ட வேண்டியதில்லை என்று நிரூபித்தன. ஆனால் அறுவை சிறுத்த பிறகும் பழைய புத்திமதி சிறுக்கவில்லை. அந்தக் கையால் குடம் தூக்காதே, துணி பிழியாதே, ஓய்வாக இரு என்று சொல்லிச் சொல்லி, ஸ்திரீகளை ஒரு கை இல்லாதவர்களாகவே ஆக்கினார்கள். 1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மக்கென்சி என்ற வைத்தியர், மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 24 பேரைச் சேர்த்துப் படகில் துடுப்புப் போடச் செய்தார், கை வீங்கவில்லை. 2009-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, முன்பே கை வீங்கியவர்களும் மேற்பார்வையோடு சிறிது சிறிதாக எடை தூக்கிப் பழகினால் தீங்கில்லை என்றும், வீக்கம் மிஞ்சும் தருணங்கள் குறைகின்றன என்றும் காட்டிற்று. மேற்பார்வையோடு, சிறிது சிறிதாக என்பவை முக்கியம். பயின்று பழகாத கையால் பச்சைக்காய் மூட்டையை முதல் நாளே தூக்கலாம் என்பதற்கு இதில் அனுமதி இல்லை. மழைக்காலத்து ஏலக்காட்டில் அட்டைக் கடி சகஜம். நெறி எடுத்த பக்கத்துக் கையில் அட்டைக் கடியோ முள் கீறலோ சிவந்து சூடேறி வீங்கினால், அதை மஞ்சள் பற்றோடு விட்டுவிடாமல் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சிகிச்சை விட்டுப்போகும் நோவுகள் இன்னும் உண்டு. மாதவிடாய் நின்ற ஸ்திரீகளுக்கு ஐந்து வருஷமோ அதற்கு மேலோ கொடுக்கப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள், காலையில் எழுந்ததும் விரல் மடங்காதபடி மூட்டுகளைப் பிடிக்கும், எலும்பையும் மெலிவிக்கும். வலி பொறுக்காமல் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுகிறவர்கள் அநேகர். மருந்தை மாற்றிக் கொடுக்க வழி உண்டு. அதற்கு வைத்தியரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். பாக்லிடாக்ஸெல் போன்ற ஊசி மருந்துகளால் பாதம் மரத்துப்போகிறது. மரத்த பாதத்துக்கு அட்டை ஏறியதும் தெரியாது, பூட்ஸுக்குள் கல் உறுத்துவதும் தெரியாது. கருப்பைவாய்ப் புற்றுக்காக இடுப்பில் கதிர் பாய்ச்சிக்கொண்டவர்களுக்கு, வருஷங்கள் கழித்து இடுப்பெலும்பில் மெல்லிய கீறல் கண்டு வலிப்பதுண்டு; நோய் திரும்பிவிட்டதென்று அஞ்சி வந்தவர்களில் சிலருக்கு அது வெறும் எலும்புக் கீறலாக இருந்திருக்கிறது. வாய்ப்புற்றுக்குத் தாடையில் கரண்ட் வைத்துக்கொண்டவர், பல் வலித்தால் சந்தையடியில் போய்ப் பிடுங்கிக்கொள்ளலாகாது. கதிர் பட்ட தாடை எலும்பு ஆறும் சக்தி குறைந்தது என்பதைப் பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கதிர் என்ற சொல்லுக்கே இந்தப் பக்கத்தில் ஒரு தனி அச்சம் உண்டு. மலையடிவாரத்துப் பொட்டிபுரத்தை வெளியுலகம் அறிந்ததே, அங்குள்ள மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை சம்மதம் கொடுத்த பிறகுதான். எதிர்ப்பாலும் வழக்குகளாலும் அது நின்றுபோயிருக்கிறது. மலைக்கும் நீருக்கும் விவசாயத்துக்கும் என்ன ஆகும் என்று குடியானவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. அதற்குள் நான் புகவில்லை. ஆயினும், அச்சமயம் எழுந்த கதிர்வீச்சுப் பீதியின் மிச்சம் வீடுகளுக்குள்ளும் தங்கிவிடக்கூடும். ஆஸ்பத்திரியில் யந்திரத்தின் அடியில் படுத்துக் கரண்ட் வைத்துக்கொண்டு வந்தவள் உடம்பிலிருந்து எந்தக் கதிரும் வெளியே வருவதில்லை; பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதில் அவளுக்குத் தடையே இல்லை.

இவ்வளவு வலிகளுக்கு நடுவே எது அஞ்சத்தக்கது என்பதை எப்படி அறிவது? மாதா மாதம் எல்லா ஸ்கேனும் எடுத்துவிட்டால் நிம்மதி என்று பணமுள்ளவர்கள் நினைக்கிறார்கள். இத்தாலியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மார்பக நோயாளிகளைக் கொண்டு நடந்த இரண்டு பெரிய சோதனைகள், அடிக்கடி எலும்பு ஸ்கேனும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிகம் பிழைக்கவில்லை என்று 1994-இல் தெரிவித்தன. ஆகவே, வருஷாந்தர மார்பகப் படத்தை நிறுத்தாமல், மற்றவற்றுக்கு நோயாளியின் வார்த்தையையே முதல் சோதனையாகக் கொள்வது என்று வைத்தியம் தன் வழியைத் திருத்திக்கொண்டது. எனக்கு இது பெரிய மாறுதலாகத் தோன்றுகிறது. போடியிலிருந்து ஸ்கேனுக்கு மதுரை போக வேண்டியவளுக்கு இது அனுகூலமும் கூட. வேலையால் வந்த நோவு ஓய்வில் குறையும், இடம் மாறும், ஞாயிற்றுக்கிழமை தணியும். படுத்தாலும் தணியாமல், இரவில் எழுப்பி, ஒரே இடத்தில் நின்று, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நாளுக்கு நாள் ஏறும் வலியைச் சாதாரண இடுப்பு வலி என்று தள்ளலாகாது. முதுகு வலியோடு கால் சோர்வதும், சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவதும் சேர்ந்தால் மறுநாள் என்ற பேச்சே கூடாது. தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அன்றே போய்ச் சேர வேண்டும். வாய் விட்டுச் சொல்வதுதான் இங்கே கஷ்டம். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, வேலைதான்" என்று சொல்லிப் பழகிய ஊர்கள் இவை.

தேகப்பயிற்சியைப் பற்றியும் ஒரு தர்க்கம் உண்டு. பெருங்குடல் புற்றுக்குச் சிகிச்சை முடித்த 889 பேரைக் கொண்டு, கனடா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில், அவர்களில் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் மூன்று வருஷம் பயிற்சியளித்துப் பார்த்த முடிவு 2025-இல் வந்தது. எட்டு வருஷத்துக்குப் பின் உயிரோடிருந்தவர்கள், பயிற்சி பெற்ற பக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு. புத்தகம் மட்டும் கொடுக்கப்பட்ட பக்கத்தில் எண்பத்து மூன்று. அதே ஆராய்ச்சியில் தசை, மூட்டு வலி முதலிய உபாதைகள் பயிற்சி செய்தவர்களுக்கே கூடுதலாக வந்தன என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நடப்பவனுக்கும் வலி வருகிறது. அந்த வலி நோய் அன்று.

இதைக் கேட்டு, ஏலக்காட்டு வேலையே தேகப்பயிற்சிதானே என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த ஆராய்ச்சியில் அவர்கள் செய்தது பெரும்பாலும் விரைந்த நடை; இருதயம் துடிக்க, கை வீச, நிமிர்ந்து நடக்கும் நடை. குத்தவைத்துப் பறிப்பதில் இடுப்பு தேயுமே தவிர மூச்சு வாங்குவதில்லை. சிகிச்சைக்குப் பின் மலையேற முடியாதவர்களுக்குப் போடியின் கிடங்குகளில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை தோதானதுதான். பச்சை, வெளிர், பெரிசு, சிறிசு என்று குவியல்களாக ஒதுக்கும் அந்த வேலையில் சரிவும் இல்லை, அட்டையும் இல்லை. ஆனால் நாள் முழுதும் சம்மணமிட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது, மாத்திரையால் இறுகிய மூட்டுகளை இன்னும் இறுக்கும். மணிக்கொரு தரம் எழுந்து, கிடங்கைச் சுற்றி நாலு தடவை நடந்து வர, கூலியைப் பிடிக்காமல் கணக்குப்பிள்ளை விட வேண்டும்.