பிலிகுண்டுலு

பிலிகுண்டுலு, கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிக் காவிரிக் கரையில் அமைந்த காட்டுச் சிற்றூர். எதிர்க்கரை கர்நாடகம். ஆறு இங்கிருந்து ஒகேனக்கல் வழியாக மேட்டூர் அணையை அடைகிறது.

சில வீடுகளே கொண்ட இவ்வூரை நாடறியச் செய்தது மத்திய நீர் ஆணையத்தின் நீரளவு நிலையம். தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் தரும் காவிரி நீர் இங்குதான் கணக்கிடப்படுகிறது. காவிரி நீர்த் தகராறு நடுவர் மன்றத்தின் 1991 இடைக்கால உத்தரவு, ஆண்டுக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) நீர் மேட்டூரைச் சேர வேண்டும் என்றது. 2007 இறுதித் தீர்ப்பு, அளவிடும் இடத்தை இவ்வூருக்கு மாற்றி 192 டி.எம்.சி. என வரையறுத்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 ஆகக் குறைத்தது. கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் திறந்துவிடும் நீரோடு இடைப்பட்ட காடுகளின் மழைநீரும் சேர்ந்தே இங்கு பதிவாகிறது. ஆகவே காவிரி டெல்டா உழவர்களுக்கு அணைத் திறப்புச் செய்தியைவிட இந்த ஊரில் பதிவாகும் அளவே நம்பகமானது.

சுற்றியுள்ள காடுகள் யானைகளின் வழித்தடம். ஆற்றில் நீர்நாயும் முதலையும் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர், 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழில் நகரமான ஓசூரும் காவிரியைச் சார்ந்ததே. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்கு, 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை வழங்குகிறது.