மலைநாட்டு உணவும் கண்டி இராச்சியத்தின் நிலைபேறும்: றொபேட் நொக்ஸின் குறிப்புகளை அடியொற்றிய ஒரு நோக்கு

ஈழத்து வரலாற்று நூல்கள் பெரும்பாலும் முடிமன்னர், போர், உடன்படிக்கை, குளம், கோயில் ஆகியவற்றையே பொருளாகக் கொண்டன. அம்மன்னரின் குடிகள் எதனை விளைத்தனர், எதனை உண்டனர், விளைவு பொய்த்த ஆண்டில் எவ்வாறு உயிர்தரித்தனர் என்னும் வினாக்கள் அடிக்குறிப்பு அளவிலேயே நின்றுவிட்டன. கரையோரம் ஐரோப்பியர் கைப்பட்ட பின்னரும் கண்டி இராச்சியம் 1815 வரை தனித்து நின்றமைக்குக் காரணம் கூறுவோர் மலையையும் காட்டையும் கணவாயையும் காய்ச்சலையும் சுட்டுவர். அவை மறுக்கத்தக்கன அல்ல. எனினும் உள்ளிருப்போர்க்கு உணவு இல்லையேல் மலை அரணாகாது, சிறையாகவே முடியும். ஆதலின் மலைநாட்டு மக்களின் உணவும் அவ்வரசின் நிலைபேற்றுக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படல் வேண்டும்.

இதற்குத் துணைபுரியும் சான்றுகளுள் தலையாயது றொபேட் நொக்ஸ் எழுதிய நூலாகும். புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக்குடாவை அடைந்தபோது, 1660இல் அதன் தலைவரான தந்தையும், பத்தொன்பது வயதினரான மகன் நொக்ஸும், வேறு மாலுமிகளும் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை மறு ஆண்டே இறந்தார். மகனோ பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி நாட்டிலே வாழ்ந்து, 1679 ஒக்டோபரில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினார். அவர் நூல் 1681இல் இலண்டனில் வெளியாயிற்று.

நொக்ஸ் சிறைக்கூடத்தில் அடைபட்டவர் அல்லர். கிராமத்தவரே அவர்க்கு உணவளித்தல் வேண்டுமென்பது அரச கட்டளை. குற்றவாளிகளை அனுப்பும் இடமெனக் கருதப்பட்ட லெகுந்தெனிய என்னும் மலையுச்சி ஊரிலும், பின்னர் உடுநுவரையைச் சார்ந்த எலதெத்த என்னும் ஊரிலும் அவர் வாழ்ந்தார். எலதெத்தவில் இருபத்தைந்து இலாரி கொடுத்து நிலமும் வாங்கினார். தொப்பி பின்னி விற்றார்; நெல்லை வட்டிக்குக் கொடுத்தார்; பொதி சுமந்து ஊரூராகச் சென்று வாணிகமும் செய்தார். குடிகளின் சமயத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி அவர் கூறுவனவற்றை அயலவர் ஒருவரின் சாய்வுடைய கூற்றுக்களாகவே ஏற்றல் தகும். ஆனால் தாமே விளைத்து, சமைத்து, உண்டு, விற்ற பொருள்களைப் பற்றி அவர் கூறுவன நேரறிவின்பாற் பட்டவை.

மக்களின் முதன்மையான உணவு சோறு என்பதை நொக்ஸ் தெளிவாக உரைக்கின்றார். ஏனையவை சோற்றுக்குச் சுவையூட்டும் துணைகளே. எளிய குடிகள் சோறும் உப்பும், மிளகும் எலுமிச்சம்புளியும் சேர்த்து அவித்த இலைக்கறியும் கொண்டு நிறைவுற்றனர். பெருமக்கள் ஐந்தாறு கறிகளோடு உண்டபோதும், அவற்றுள் இறைச்சியோ மீனோ ஒன்றிரண்டே. நெல்லினத்திலும் ஏழு மாதத்தில் விளைவது முதல் மூன்று மாதத்தில் விளைவது வரை ஐந்து வகைகளை அவர் வேறுபடுத்துகின்றார். கிடைக்கும் நீரின் அளவை நோக்கியே வகை தெரிந்து விதைக்கப்பட்டது. ஊரார் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தனர். இது கூட்டுவாழ்வின் ஒழுங்கைப் புலப்படுத்தும்.

ஆயினும் மலைச்சாரலில் வயலாகத் திருத்தக்கூடிய நிலம் குறைவு. வயல் தராததைச் சேனை தந்தது. காட்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் விளைத்து, மீண்டும் காடாகுமாறு விட்டுவிடும் இம்முறையில் குரக்கன் முதலிடம் பெற்றது. கடுகு போன்ற அச்சிறு மணியை இரு வட்டக் கற்களிடையே கையால் அரைத்து, மாவைப் பிசைந்து, ஓட்டிலே சுட்டு உண்டனர் என்றும், பழக்கமில்லாதோர்க்கு அது வயிற்றுநோவு தரும் என்றும் நொக்ஸ் எழுதுகின்றார். மலையிலும் சமவெளியிலும் மூன்று நான்கு மாதங்களில் அது விளைந்தது. நெடுநாள் கெடாதிருப்பது குரக்கனின் தனிச்சிறப்பு. சிங்களத்தில் 'தன' எனப்படும் தினை வடபகுதிகளில் மிகுதியாகவும் மலைநாட்டிற் குறைவாகவும் விதைக்கப்பட்டது. அதன் விளைபெருக்கத்துக்கு ஈடான தானியம் உலகில் இல்லையென்றே அவர் கருதினார். 'அமு' எனப்படும் வரகு வேறெதுவும் விளையாத வறண்ட நிலத்திலும் விளைந்தது. சிலபோது அது மயக்கந்தரும் என்கிறார். தினைப்புனத்தைக் குறிஞ்சிக்கு உரியதாகப் பாடிய சங்க இலக்கியத்தைக் கற்றோர்க்கு இம்மலையுணவு அந்நியமானதன்று.

தானியத்தினும் நம்பகமான துணையாயிற்று பலா. பிஞ்சைப் 'பொலொஸ்' என்றும், முற்றிய காயைக் 'கொஸ்' என்றும், கனிந்த பழத்தை வன்மை மென்மை நோக்கி 'வரக்கா', 'வெல' என்றும் மக்கள் பெயரிட்டு வழங்கியதை நொக்ஸ் பதிவுசெய்துள்ளார். ஒரு கனிக்குப் பருவந்தோறும் ஒரு பெயர் வழங்குவதே அது உணவில் வகித்த இடத்துக்குச் சான்றாகும். அரிசிக்குப் பதிலாக அவித்த பலாவையே மக்கள் உண்ட நாள்கள் பல. கொட்டையும் சுட்டோ அவித்தோ உண்ணப்பட்டது. கொட்டையை மணலிற் புதைத்து வைத்தலும், சுளையை அவித்து உலர்த்தி 'அட்டுகொஸ்' ஆக்கிச் சேமித்தலும் மலைநாட்டு வழக்கங்கள். கித்துள் மரமொன்று நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் பதநீர் தரும் என்றும், அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பர் என்றும் நொக்ஸ் கூறுவார்.

நெல் பொய்த்தாற் சேனை, சேனை பொய்த்தாற் பலா என ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாடாக இவ்வுணவுமுறை அமைந்திருந்தது. வயலை அழிக்கும் படையால் காட்டிடையே சிதறிய சேனைகளையும் தோட்டந்தோறும் நின்ற மரங்களையும் எளிதில் அழித்தல் இயலாது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி நகரைக் கைப்பற்றியும், உணவுத்தட்டும் நோயும் தாக்கவே சில மாதங்களிற் பின்வாங்கினர். குடிகளோ நகரை விட்டகன்று காட்டை அண்டி உயிர்தரித்தனர். இவ்வேற்பாட்டுக்கும் ஒரு குறை இருந்தது. உப்பும் கருவாடும் கடலோரத்திலிருந்தே வரவேண்டியிருந்தன. 1766 உடன்படிக்கையால் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தர் தமதாக்கியபோது அக்குறை பெரிதாயிற்று.

பிரித்தானியர் ஆட்சியிலேதான் இவ்வுணவுமுறை வேரோடு அசைக்கப்பட்டது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்குகையில் ஊவாவில் வீடுகளும் விளைபொருள்களும் எரிக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியன எனக் கொண்டது. குடியானவனுக்குக் காடு அடுத்த சேனைக்கான இருப்பு. ஆட்சியாளர்க்கு அது கோப்பித் தோட்டத்துக்கான வெற்றுநிலம். அத்தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும், விளைநிலத்தோடு தொடர்பற்றவராய், கடல்கடந்து வந்த அரிசியையே நம்பி வாழ நேர்ந்தது. ஒரே மலையில் ஒரு சாரார் காட்டை இழந்தனர். மற்றொரு சாரார்க்கு அது கிடைக்கவேயில்லை.

இதன் விளைவு 1880களில் நுவரெலியா மாவட்டத்து வலப்பனையில் வெளிப்பட்டது. தானியவரி செலுத்தவியலாத குடிகளின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நிலமிழந்தோர் பலர் பசியாலும் நோயாலும் மாண்டதை அங்குப் பணியாற்றிய உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியரே வெளிப்படுத்தினார். நீண்ட வாதப்பிரதிவாதங்களின் பின் அவ்வரி 1892இல் நீக்கப்பட்டது. வயல் கைவிட்டபோது தாங்குவதற்குச் சேனை பழையபடி இல்லாமையும் அத்துயரின் காரணங்களுள் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஈழத்தில் மரந்தறித்தலைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியன காக்கப்பட்டன. மலைநாட்டுச் சிங்களவரின் பலாவும் யாழ்ப்பாணத் தமிழரின் பனையும் ஒரே சட்டத்தின் நிழலில் நிற்பது தற்செயலன்று. பஞ்சகாலத்தில் உயிர்காத்தவை என்னும் பொதுத்தன்மையே இரண்டையும் இணைக்கின்றது. குரக்கன் பிட்டும் பலாச்சுளையும் வறியோர் உணவென ஒதுக்கப்பட்ட காலமும் உண்டு. வரலாற்று மாணவர்க்கோ அவை ஆவணங்கள். கல்வெட்டுப் பொறிக்காத குடிகள் தம் வரலாற்றை அடுப்பிலும் குதிரிலும் விட்டுச்சென்றனர். அவற்றைக் கற்றாலன்றிக் கண்டியின் வரலாறு மன்னர் வரலாறாகவே குறைபட்டு நிற்கும்.