கொழும்புத் திட்டம்: போனவர்களும் வந்தவர்களும்

'கொழும்புத் திட்டம்' எண்டு கேட்டவுடன வடிகான் வெட்டுற, மேம்பாலம் கட்டுற ஏதோ நகர அபிவிருத்தித் திட்டம் எண்டுதான் எங்கட வயதுக்காரர் பலர் நினைப்பம். எங்கட பேரன், பேத்திமாரின்ர காலத்து ஆக்களிட்ட கேட்டால் வேற கதை வரும். அவர்களுக்கு அது ஒரு புலமைப்பரிசிலின் பெயர். வெளிநாட்டுக் கம்பஸ் ஒன்றுக்குப் போய், படித்து, திரும்பி வந்து வேலை பார்ப்பதற்கான ஒரு வழி.

இப்ப எங்கட பல்கலைக்கழகங்கள் மாதத்துக்கொரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுற மாதிரி இருக்கு. 'மாணவர், ஊழியர் பரிமாற்றம்' என்ற வரி அவற்றில் தவறாமல் வரும். பரிமாற்றம் எண்டால் இரண்டு பக்கமும் ஏதோ கைமாற வேணும். எது கைமாறுது, எந்தத் திசையில் போகுது, காசை யார் கட்டுறார் என்று கேட்பதற்கு எங்கட தலைநகரின் பெயரைச் சுமக்கும் இந்தப் பழைய திட்டத்தைத் தவிர நல்ல உதாரணம் இல்லை.

1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். டி. எஸ். சேனநாயக்க தலைமை. இந்தியாவிலிருந்து நேரு, பிரித்தானியாவிலிருந்து ஏர்னஸ்ட் பெவின், கனடாவிலிருந்து லெஸ்டர் பியர்சன், அவுஸ்திரேலியாவிலிருந்து பேர்சி ஸ்பெண்டர் வந்திருந்தார்கள். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுக்குப் பொருளாதார உதவி வேண்டும் என்ற யோசனையை ஸ்பெண்டரும், அப்போது எங்கட நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜெயவர்தனவும் முன்வைத்தார்கள். 1951 ஜூலையில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்கா அந்த ஆண்டே சேர்ந்தது. போரில் தோற்ற ஜப்பான் 1954 இல் இதில் சேர்ந்துதான் உதவி கொடுக்கும் நாடாகத் தன்னை மாற்றத் தொடங்கியது.

இவ்வளவு அவசரம் ஏன்? சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மலாயாவில் கிளர்ச்சி, வியட்நாமில் போர். வறுமை இருக்கிற இடத்தில் கம்யூனிசம் வளரும் என்பது அந்த மேசையைச் சுற்றியிருந்த பலரின் கணக்கு. அணைக்கட்டு, ரயில், உழவு இயந்திரத்தோடு கல்வியும் அந்தக் கணக்குக்குள் வந்தது. இதைச் சொல்வது அந்தப் புலமைப்பரிசில்களைக் கொச்சைப்படுத்த இல்லை. அரசுகள் காசு கொடுக்கும்போது காரணத்தோடுதான் கொடுக்கும். அந்தக் காரணம் தெரிந்தால்தான் திட்டத்தின் அமைப்பும் விளங்கும்.

அந்த அமைப்பில் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்றில் ஆசிய மாணவர்களும் அரச ஊழியர்களும் பயிற்சிக்காக அவுஸ்திரேலியா, பிரித்தானியா, கனடா, நியூசிலாந்து போனார்கள். மற்றதில் அந்த நாடுகளின் நிபுணர்கள் ஆசியாவுக்கு வந்தார்கள். இந்தியா போன்ற நாடுகள் தாங்களும் அயலவர்களுக்குப் பயிற்சி இடங்கள் கொடுத்தன என்பது உண்மை. ஆனால் பெரும்போக்கு மாறவில்லை. படிக்கிறவர் இங்கேயிருந்து போவார், படிப்பிக்கிறவர் அங்கேயிருந்து வருவார். மெல்பேணில் பாடம் நடத்த ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியரையோ, வேளாண்மை பற்றி ஆலோசனை சொல்ல ஒரு அநுராதபுரத்து நீர்ப்பாசனக்காரரையோ கூப்பிடுவது அந்தத் திட்டத்தின் கற்பனைக்குள்ளேயே இருக்கவில்லை.

இதனால் பலனே இல்லை எண்டு சொல்ல முடியாது. கட்டுபெத்தையில் 1960 இல் கனடாவின் உதவியோடு தொடங்கிய தொழில்நுட்ப நிறுவனம்தான் பிறகு மொரட்டுவைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இந்தோனேசியாவின் துணை ஜனாதிபதியாக இருந்த போடியோனோ, சரவாக்கை முப்பது வருடத்துக்கு மேல் ஆண்ட தாயிப் மஹ்மூத் போன்றவர்கள் கொழும்புத் திட்டத்தில் அவுஸ்திரேலியாவில் படித்தவர்கள்தான். புதிதாகச் சுதந்திரம் அடைந்த நாடுகளுக்குப் பொறியியலாளரும் வைத்தியரும் பொருளியலாளரும் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். திட்டம் அவர்களைத் தந்தது.

ஆனால் உண்மையான பரிமாற்றம் நடந்தது ஒப்பந்தத்தில் எழுதாத இடத்தில். 1950களின் அவுஸ்திரேலியா 'வெள்ளை அவுஸ்திரேலியா' கொள்கையின் கீழ் இருந்த நாடு. 1901 குடிவரவுச் சட்டத்தின்படி, வேண்டாதவரை மறிக்க ஐரோப்பிய மொழியொன்றில் சொல்வதெழுதல் சோதனை வைக்கலாம். எந்த மொழி என்பதை அதிகாரி தீர்மானிப்பார். அந்தச் சோதனை 1958 இல்தான் ஒழிந்தது. குடியேற வர முடியாத ஆசியர், மாணவராக வரலாம். படிப்பு முடிந்ததும் திரும்பிப் போக வேணும் என்பதுதான் நிபந்தனை. 'உன்ர நாட்டை நீ கட்டியெழுப்ப வேணும்' என்ற நல்ல வார்த்தையும், 'இங்கே தங்காதே' என்ற சட்டமும் ஒரே நிபந்தனைக்குள் வசதியாகப் பொருந்தின.

அந்த மாணவர்கள் தங்கியது சாதாரணக் குடும்பங்களின் வீடுகளிலும் விடுதிகளிலும். மெல்பேண் பல்கலைக்கழகத்தில் 1957 இல் சர்வதேச இல்லம் திறந்தது. ஆசியரை அதுவரை பத்திரிகைக் கேலிச்சித்திரத்தில் மட்டும் கண்ட ஆக்கள், அவர்களோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். கொழும்புத் திட்டத்தின் வரலாற்றை எழுதிய டானியல் ஓக்மன் உட்படப் பலர் இந்தச் சந்திப்புகளின் தாக்கத்தைக் கவனித்திருக்கிறார்கள். 1966 இல் கொள்கை தளர்ந்தது. 1973 இல் இன அடிப்படை முற்றாக நீங்கியது. மாணவர்களால் மட்டும் அது நடக்கவில்லை. ஆனால் அதில் அவர்களுக்கும் பங்குண்டு. படிக்கப் போனவர்கள் அங்கே படிப்பித்தும் இருக்கிறார்கள். அதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, சான்றிதழும் கொடுக்கவில்லை.

கொடுத்தவரின் கணக்குப் பிழைத்தது மேற்கில் மட்டும் இல்லை. சோவியத் ஒன்றியம் 1960 இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, அடுத்த வருடம் அதற்குப் பத்ரிஸ் லுமும்பாவின் பெயரைச் சூட்டியது. எங்கட நாட்டிலிருந்தும் பலர் போனார்கள். அங்கே மருத்துவம் படிக்கப் போனவர்களில் ஒருவர் றோகண விஜேவீர. சீனச் சார்புப் பக்கம் சாய்ந்த அவர், 1964 இல் விடுமுறைக்கு இலங்கை வந்தபோது திரும்பிப் போக வீசா கிடைக்கவில்லை. பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. புலமைப்பரிசில் கொடுத்து ஒருவரின் தலைக்குள் தாங்கள் விரும்பியதை வைக்கலாம் எண்டு நினைத்தவர்கள் இரண்டு முகாமிலும் ஏமாந்தார்கள்.

பிறகு காலம் மாறிச்சு. பிரித்தானியா 1980 இலிருந்து வெளிநாட்டு மாணவரிடம் முழுச் செலவையும் கட்டணமாக அறவிடத் தொடங்கியது. அவுஸ்திரேலியாவில் 1984 இல் இரண்டு குழுக்கள் இந்த விடயத்தை ஆராய்ந்தன. கல்வியை ஓர் ஏற்றுமதியாகப் பார்க்கலாம் என்ற ஜாக்சன் குழுவின் பக்கம்தான் வென்றது. 1990 இலிருந்து புதிதாக வருகிற வெளிநாட்டு மாணவர் எல்லாருக்கும் முழுக் கட்டணம். உதவியாகத் தொடங்கியது வியாபாரமாகப் போச்சு.

தமிழ் இளைஞர்களுக்கு இந்தக் காலப் பொருத்தம் கொடுமையானது. 1970களின் தரப்படுத்தல் உள்நாட்டுப் பல்கலைக்கழகக் கதவை ஒடுக்கியது. 1983 இற்குப் பிறகு நாட்டில் இருப்பதே பிரச்சினையாச்சு. வெளிநாட்டுக் கல்வி உயிர் தப்பும் வழியாகவும் மாறிய அதே நேரத்தில்தான் அந்தக் கதவுக்கு விலை போட்டார்கள். காசுள்ளவர் மாணவராகப் போனார். மற்றவர் அகதியாகப் போனார், அல்லது போகவே இல்லை.

இன்னொரு மாதிரியும் உலகத்தில் இருக்கு. ஐரோப்பாவில் 1987 இல் 11 நாடுகள், 3,244 மாணவர்களோடு தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தில் போகிற பல்கலைக்கழகம் கட்டணம் அறவிடாது. அங்கே படித்தது சொந்தப் பல்கலைக்கழகத்தில் கணக்கில் சேரும். விரிவுரையாளர்களும் இரண்டு பக்கமும் போய்ப் படிப்பிக்கலாம். குறைகள் அதிலும் உண்டு, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கூடப் பயன் என்ற விமர்சனமும் உண்டு. ஆனால் திசை ஒன்றல்ல, இரண்டு. ஒருவரை ஒருவர் சமமாக மதிக்கிற நாடுகளுக்கிடையில் பரிமாற்றம் எப்படி இருக்கும் எண்டதை அது காட்டுது.

2014 இல் அவுஸ்திரேலியா 'புதிய கொழும்புத் திட்டம்' எண்டு ஒன்றைத் தொடங்கியது. இந்த முறை அவுஸ்திரேலிய மாணவர்கள் ஆசியாவுக்கு வருகிறார்கள், இலங்கைக்கும்தான். ஆசியாவிலும் படிக்க ஏதோ இருக்கு எண்டு ஒத்துக்கொள்ள அறுபது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கு. நல்ல விஷயம். ஆனால் அவர்கள் தங்கட அரசின் காசில் வருகிறார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு இங்கேயிருந்து போகிற எங்கட பெடியள், பெட்டையளில் பெரும்பாலானோர் காணியை ஈடு வைத்து, வங்கியில் காசு காட்டி, ஏஜென்சிக்குக் கட்டணம் கட்டிப் போகினம். ஒரே ஆகாயப் பாதைதான், ஆனால் இரண்டு விதமான பயணம்.

அதனால், அடுத்த முறை எங்கட கம்பஸில் ஒரு பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் படம் எடுத்துப் போட்டால், வாழ்த்துச் சொல்ல முதல் நாலு கேள்வி கேட்பம். எத்தனை பேர் போகினம், எத்தனை பேர் வருகினம்? செலவு யாருடையது? அங்கே படித்தது இங்கே கணக்கில் சேருமா? எங்கட விரிவுரையாளர் அங்கே போய்ப் படிப்பிப்பாரா, பயிற்சி பெற மட்டும்தான் போவாரா? கடைசிக் கேள்விக்கு 1951 இல் கிடைத்திருக்கக்கூடிய பதில்தான் இன்றும் கிடைக்குமென்றால், பெயர் மட்டும்தான் மாறியிருக்கு.