அடையாறும் தாமிரபரணியும்: இரண்டு டிசம்பர்கள்

திண்டுக்கல்லில் இருப்பவர்களுக்குக் கடல் தொலைவு. ஆனால் இங்கே பெய்யும் மழைக்குக் கடற்கரை சொந்த ஊர் மாதிரி. சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் இறங்குகிற ஓடைகள் கொடகனாறாகத் திரண்டு, வடக்கே ஓடி, அமராவதி வழியாகக் காவிரியைச் சேர்கின்றன. மருதாநதி வைகையில் கலந்து இராமநாதபுரம் பக்கம் போகிறது. ஆகவே கரையோரச் சமவெளி மூழ்கும்போது அதை வேற்றூர்ச் செய்தியாக என்னால் படிக்க முடிவதில்லை.

வெள்ளம் வடிந்ததும் இரண்டு குரல்கள் எழும். வானம் பொத்துக்கொண்டது என்பது ஒன்று. ஏரியை மூடி வீடு கட்டினால் இப்படித்தான் என்பது மற்றொன்று. 2015 டிசம்பர் சென்னையையும் 2023 டிசம்பர் தூத்துக்குடிச் சீமையையும் அருகருகே வைத்தால், வானத்துக்கும் மனிதருக்கும் எவ்வளவு பங்கு என்று ஓரளவு பிடிபடுகிறது.

2015 டிசம்பர் 1 தொடங்கி ஒரு நாளில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். பெருமழைதான். ஆனால் நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அந்தத் திறப்பு 21 மணி நேரம் நீடித்ததைச் சுட்டிய மத்தியத் தணிக்கைத் துறை, இதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது. எனினும் பழியை ஷட்டர்மேல் மட்டும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அதே அடையாற்றில்தான் இறங்கியது. அந்த ஆற்றின் மேலேயே விமான நிலைய ஓடுபாதை நீள்கிறது. ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தண்ணீர் வந்து தங்குவதற்கான இடத்தில் நாம் குடியேறியிருந்தோம். புவி வெப்பமாதலால் அந்த மழைக்கு வாய்ப்பு கூடியதா என்று ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வுக்குழு, தெளிவான தடயம் கிடைக்கவில்லை என்றே சொன்னது.

தெற்கே தாமிரபரணிப் பக்கம் நடந்தது வேறு. 2023 டிசம்பர் 17, 18இல் குமரிக் கடல் பக்கம் நிலைகொண்ட காற்றுச் சுழற்சி, புயலாகக்கூட ஆகாமல், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்வதுகூட 95 இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போய், செந்தூர் விரைவு ரயிலில் சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டார்கள். இந்த அளவு மழையைத் தாங்கும் என்று எண்ணி எந்தக் கலிங்கும் கட்டப்படவில்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். கடல் சூடாகிக்கொண்டே போகும் காலத்தில் இத்தகைய நாட்களை எதிர்பார்த்தே ஆகவேண்டும்.

அதற்காகத் தெற்கில் மனிதருக்குப் பங்கே இல்லை என்றாகிவிடாது. குளக்கரைகள் வரிசையாக உடைந்தன. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் புகுந்த தண்ணீர், மழை நின்று நாட்கள் கழிந்தும் தெருக்களில் நின்றது. என் கணக்கு இதுதான்: எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்பதற்கு வானம் பொறுப்பு, எத்தனை நாள் நின்றது என்பதற்கு நாம் பொறுப்பு. சென்னையில் நம் பங்கு பெரியது, தூத்துக்குடியில் வானத்தின் பங்கு பெரியது. ஆனால் கரையை உயர்த்துவதும் வரத்துக் கால்வாயையும் மறுகாலையும் தூர்வாருவதும் இரண்டு இடத்திலும் நம் கையில் இருந்த வேலைகள்.

இதே கலவையை எங்கள் பக்கம் முன்பே பார்த்திருக்கிறது. 1977இல் அழகாபுரியில் கொடகனாறு அணைக்கு, தாங்கும் அளவை மீறி வெள்ளம் வந்தது. ஷட்டர்கள் பாதி ஏறியபோது மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரை இயக்கியும் பலனில்லை. கடைசியில் கையாலேயே தூக்கப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் மண்கரையின் தலைக்கு மேல் ஏறி மறுபக்கச் சரிவில் அருவியாக விழுந்து, 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை பல இடங்களில் கரையைப் பெயர்த்துக்கொண்டு போனது.