நேசறிக்குப் பதிவு வந்த கதை

மானிப்பாய்ப் பக்கத்துச் சனசமூக நிலையங்களில் காலையில் பிள்ளைகளுக்குப் பாய் விரிப்பார்கள். பின்னேரம் அதே மண்டபத்தில் பெரியவர்கள் பத்திரிகை விரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் நேசறிகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கின. ஒருவர் இடம் கொடுத்தார், மாதர் சங்கம் கஞ்சி காய்ச்சியது, படித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பிள்ளை ரீச்சரானாள். பதிவு, அனுமதி எல்லாம் பிறகு வந்தவை.

அவை பிந்தி வந்ததற்குக் காரணம் உண்டு. பாடசாலைச் சட்டங்கள் ஐந்து வயதிலிருந்துதான் பேசின. அதற்குக் கீழே உள்ள பிள்ளையைத் தாயின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். பதிவில்லாமல் நடத்தக்கூடாது என்று சட்டம் கை வைத்தது அநாதை இல்லங்களில். அந்த அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம் 1941இல் வந்தது. அதன் நியாயம் எனக்கு விளங்குகிறது. அங்கே இருக்கிற பிள்ளைக்காகக் கேள்வி கேட்க ஒருவரும் படலைக்கு வரமாட்டார்கள். ஆகவே அரசு கேட்க வேண்டும். நேசறிப் பிள்ளையை மத்தியானம் தாய் வந்து கூட்டிப் போவாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டார்கள்.

1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. முன்பள்ளிகளைப் பதிவதும் மேற்பார்வை செய்வதும் மாகாணத்துக்குப் போயின. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளும் மாகாணப் பட்டியலில்தான். ஆனால் அந்த அதிகாரம் வடக்கில் யாருடைய கையில் இருந்தது? 1988இல் தெரிவான வடக்கு கிழக்கு மாகாண சபை 1990இல் கலைந்தது. அடுத்த தேர்தல் 2013 செப்டெம்பரில். அதில் தெரிவான சபையின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இரண்டையும் கூட்டினாலும் ஏழு ஆண்டு நிறையவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் அன்றாட நிர்வாகத்தை நடத்துகிறார்கள், உண்மைதான். ஆனால் நியதிச் சட்டம் இயற்றுவதும் திருத்துவதும் தெரிவான சபையின் வேலை.

வீடுகளோ காத்திருக்கவில்லை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளை பார்க்க வேண்டிய அம்மம்மா கனடாவில். ஆறு மாதக் குழந்தையைக் காலையில் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு இருட்டுகிற நேரம் தூக்குகிறார்கள். நேசறியின் மூன்று மணிநேரப் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் எழுதிய விதி அந்தக் குழந்தைக்குப் போதாது. ஒருவர் எத்தனை கைக்குழந்தைகளைப் பார்க்கலாம், பால்போத்தலை யார் அவிப்பது, எங்கே நித்திரையாக்குவது, பின்னேரம் யாரிடம் பிள்ளையைக் கொடுக்கலாம்: எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

கிணற்றையும் எழுத வேண்டும். கொழும்பில் இருந்து விதி எழுதுபவரின் கண்ணுக்குக் கிணறு படாமல் போகலாம். இங்கே வளவுக்கு வளவு கிணறு. இடுப்பளவு கட்டு இருக்கிறது என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள்; பக்கத்தில் கவிழ்த்து வைத்த வாளியில் ஏறினால் நாலு வயதுப் பிள்ளை எட்டிப் பார்த்துவிடும். பரிசோதிக்க வருகிறவர் கடுதாசியைப் பிறகு பார்க்கட்டும், முதலில் கிணற்றடிக்குப் போகட்டும். வலை போட்டு மூடாத கிணறு இருக்கிற வளவுக்கு அனுமதி கொடுக்கவே கூடாது.

பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். மனதுக்குச் சரியில்லை என்று ஏதும் பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள். மாகாண சபைக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம், நேசறிக்கும் பராமரிப்பு நிலையத்துக்கும் எப்போது விதி திருத்துவீர்கள் என்று கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.